முதலில் முட்டு, பிறகு கட்டு

கோவை, பொள்ளாச்சி, நீலகிரி, தேனி வட்டாரங்களில் புதிதாக ஃபோர் பை ஃபோர் வண்டி எடுத்திருக்கும் நண்பர்களுக்கு,



2020 அக்டோபரில் புதிய தார் விற்பனைக்கு வந்தது. 2023 ஜூனில் ஐந்து கதவு ஜிம்னி, 2024 ஆகஸ்டில் தார் ராக்ஸ். இடையில் கூர்க்காவும் புது உருவில் வந்துவிட்டது. பழைய வில்லிஸ், கமாண்டர், ஜிப்சி வண்டிகளை உருட்டிக்கொண்டு விரல்விட்டு எண்ணக்கூடிய கூட்டமாக இருந்த எங்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் மலையடிவார டீக்கடைகளில் நிற்கும் உங்கள் வண்டி வரிசையைப் பார்க்கவே நிறைவாக இருக்கிறது. கல்லூரி முடித்த பிள்ளைகள் வருகிறார்கள். பெண்கள் தாங்களே ஸ்டியரிங் பிடித்து வருகிறார்கள். குழந்தைகளோடு குடும்பமாக வருகிறவர்களும் உண்டு. காப்புக்காட்டுக்குள் மட்டும் நுழையாதீர்கள். அனுமதி தரும் எஸ்டேட் பாதைகளும் தனியார் நிலங்களும் நமக்குப் போதும்.

பட்டறை வைத்திருப்பவன் நான். எஸ்டேட் பாதைகளில் நடக்கும் ஓட்டங்களில் மார்ஷலாகவும் நிற்கிறேன். அந்த இரண்டு உரிமையிலும் ஒன்று சொல்லியாக வேண்டும். உங்கள் வண்டியின் பின்கதவைத் திறந்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. சீட்டுக்குப் பின்னால் தரையில் ஹை-லிஃப்ட் ஜாக்கி படுத்திருக்கிறது. அதன்மேல் மண்வாரி. பக்கத்தில் ஒரு துணிப்பையில் இரும்பு ஷேக்கிள்கள். மூலையில் கயிற்றுச் சுருள், ஓரத்தில் தண்ணீர் கேன். எதுவும் எதனோடும் கட்டப்படவில்லை. இவற்றுக்கு முன்னால், ஒரு கை தூரத்தில், பின்சீட்டில் உங்கள் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது.

வாங்கியிருப்பதெல்லாம் நல்ல சாமான்கள்தான். பணம் பார்க்காமல் வாங்கியிருக்கிறீர்கள். அவற்றை வண்டியில் எங்கே வைப்பது, எப்படிப் பிடித்து நிறுத்துவது என்பதற்கும் அதே அக்கறையைக் காட்டுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 48 அங்குல ஹை-லிஃப்ட் ஜாக்கி ஏறத்தாழ 13 கிலோ. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப்போல் சுமார் 20 மடங்கு விசையோடு முன்னால் பாயப் பார்க்கும். அந்த ஜாக்கி அந்த நொடியில் 260 கிலோ. 30 கிலோமீட்டர் வேகம்தான் என்றாலும் 90 கிலோவுக்குக் குறையாது. சீட்டின் முதுகுப் பலகை இதைத் தடுத்துவிடும் என்று நம்பாதீர்கள். இரண்டு சீட்டுக்கு நடுவே இருக்கும் இடைவெளி அந்த ஜாக்கிக்குத் தாராளம்.

சேற்றிலும் பாறையிலும் நாம் மாட்டு வண்டி வேகத்தில்தான் ஊர்கிறோம். ஆனால் அந்தச் சேற்றை எட்டுவதற்கு முன் கோவையிலிருந்து தேனிவரை நெடுஞ்சாலையில் எண்பதிலும் தொண்ணூறிலும் வருகிறோம். ஜாக்கி வேலை செய்வது அரைமணி நேரம். மீதி நேரமெல்லாம் அது தார்ச்சாலையில் உங்கள் முதுகுக்குப் பின்னால் பயணம் செய்கிறது. குறுக்கே ஒரு மாடு வந்தால் போதும், வெள்ளைக்கோடு போடாத வேகத்தடை ஒன்று இருந்தால் போதும். ஆகையால் ‘மலையேறும் முன் நிறுத்திக் கட்டிக்கொள்ளலாம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. வீட்டு வாசலில் கட்டியாக வேண்டும்.

மலையில் இருப்பது வேறு வகை ஆபத்து. எஸ்டேட் ஒன்றில் சாய்வான பாதையில் ஒரு வண்டி நடக்கும் வேகத்தில் பக்கவாட்டில் சாய்ந்து படுத்ததை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். மெதுவாகத்தான் சாய்ந்தது. கண்ணாடிகூட முழுதாக உடையவில்லை. பெல்ட் போட்டிருந்த ஓட்டுநர் சிராய்ப்பு இல்லாமல் இறங்கினார். பக்கத்தில் இருந்த பையனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. முறித்தது வண்டி அல்ல. பின்னால் சும்மா வைத்திருந்த கருவிப்பெட்டி சீட்டைத் தாண்டி உருண்டு வந்து விழுந்ததுதான். பெட்டியின் மூடிக்குத் தாழ்ப்பாள் இருந்தது, பெட்டிக்குத்தான் பிடிமானம் இல்லை.

பாரம் ஏற்றத் தெரிந்தவர்களிடம் கற்றுக்கொள்வோம். கிரானைட் கல் ஏற்றிப் போகும் லாரியை நின்று பாருங்கள். சங்கிலி போடுவதற்கு முன்பே கல்லின் நான்கு பக்கமும் மரக்கட்டையால் முட்டுக் கொடுத்திருப்பார்கள். கல்லை நகரவிடாமல் தடுப்பது முட்டு. அந்த இடத்தைவிட்டு எழும்பாமல் அடக்குவது சங்கிலி. எங்கள் பட்டறையில் வேலை கற்கும் பையன்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் முட்டு, பிறகு கட்டு. முட்டு இல்லாமல் வெறும் பெல்ட்டை மட்டும் நம்பினால், முழு விசையும் அந்த பெல்ட்டின் தையலுக்கும் கொக்கிக்கும் போய்ச் சேரும்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டும் ஒரு பெரியவரின் வண்டியில் இதை அச்சாகப் பார்த்தேன். அந்தப் பாதையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாறைமேல் பாறையாக அடுக்கி வைத்ததுபோல் இருக்கும். அவர் வண்டியில் ஒரு கடப்பாரை உண்டு. முன்சீட்டுக்குப் பின்னால், வண்டிக்குக் குறுக்காக, தரையோடு படிந்து கிடக்கும். இரண்டு முனைகளிலும் ஆங்கிள் இரும்பை வெட்டி, சிறு கூடு மாதிரி தரையில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார். கடப்பாரையின் கூர்முனை ஒரு கூட்டுக்குள், மொட்டை முனை மற்றொரு கூட்டுக்குள். நடுவில் இரண்டு இடத்தில் பழைய லாரி ட்யூபிலிருந்து வெட்டிய பட்டையைச் சுற்றி, நுனியைச் செருகியிருந்தார். தாங்குவது இரும்பு, அதிராமல் அடக்குவது ரப்பர். அவ்வளவு மோசமான பாதையில் அந்தக் கடப்பாரை ஒரு சத்தம்கூடப் போடவில்லை. எடுக்க வேண்டுமென்றால் பட்டையின் நுனியை இழுத்தால் போதும், ஐந்தாறு நொடிகளில் கைக்கு வந்துவிடும். கடையில் வாங்கிய பொருள் என்று அதில் போல்ட்டைத் தவிர எதுவும் இல்லை.

குறுக்காக வைத்திருந்தார் என்பதைக் கவனியுங்கள். நீளமான இரும்பை வண்டியின் நீளவாக்கில் வைத்தால், வண்டி நிற்கிற வேகத்தில் அது ஈட்டியாகப் பாயும். கடப்பாரை, ஜாக்கி, மண்வாரி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். உள்ளே வைப்பதானால் குறுக்காக, தாழ்வாக, சீட்டின் அடிச்சட்டத்துக்குப் பின்னால் வையுங்கள்.

எதில் கட்டுவது என்பது அடுத்த கேள்வி. டிக்கியில் கம்பெனியே கொடுத்திருக்கும் சின்னக் கொக்கிகள் காய்கறிப் பை தொங்கவிட வந்தவை. அவற்றில் இரும்பைக் கட்டாதீர்கள். சீட்டையும் சீட் பெல்ட்டையும் வண்டியோடு பிணைக்கும் போல்ட் இருக்கும் இடங்களே உடம்பின் வலுவான இடங்கள். சீட் பெல்ட் போல்ட்டைக் கழற்றி அதில் கொக்கி மாட்டும் வேலையை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். அது உயிர் காக்கும் போல்ட், அது அதன் வேலையைச் செய்யட்டும். புதிதாகத் துளை போட்டால், தகட்டின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்புப் பட்டை கொடுத்து, அதன் வழியாக போல்ட்டை விடுங்கள். வெறும் வாஷர் மட்டும் போட்டால், இழுக்கும்போது வாஷரோடு சேர்ந்து தகடும் கிழிந்து வரும். தகட்டுத் திருகு என்று நாம் சொல்லும் ஸ்க்ரூக்கள் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. துளை போடும் முன் அடியில் குனிந்து பாருங்கள். பெட்ரோல் டேங்கும் பிரேக் பைப்பும் ஒயரிங்கும் அந்தப் பக்கம்தான் ஓடுகின்றன.

நட் என்றால் நைலாக் நட். இறுக்கிய பிறகு போல்ட்டின் நுனியிலிருந்து நட்டின் மேலாகத் தகடுவரை மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து விடுங்கள். எந்த நட் நெகிழ்ந்தாலும் கோடு உடைந்து காட்டும். ஸ்பேனர் எடுக்காமலே டார்ச் அடித்து ஒரே பார்வையில் எல்லாவற்றையும் சரிபார்த்துவிடலாம்.

பைக்கின் பின்சீட்டில் நாம் போடும் எலாஸ்டிக் கொக்கிக் கயிறு வேண்டாம். பெட்ஷீட்டுக்கு அது சரி. இரும்புக்கு அது நீண்டு கொடுக்கும். நீண்ட பிறகு கொக்கி தெறித்து முகத்துக்கு வரும். ராட்செட் பெல்ட் இரும்புச் சாமானுக்கு நல்லது. கயிற்றுப்பை மாதிரி மெத்தென்ற சாமானுக்கு, நாக்கை அழுத்தினால் விடுபடும் கேம் பக்கிள் பெல்ட் போதும். எந்தக் காரணத்துக்காகவும் கயிற்றால் முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள். மழையில் நனைந்து, வழியெல்லாம் அதிர்ந்து இறுகிய நைலான் முடிச்சை, விறைத்துப்போன விரல்களால் இருட்டில் அவிழ்த்துப் பாருங்கள், அப்போது புரியும்.

இனி ஜாக்கிக்கு வருவோம். அதிகம் தவறாகப் பொருத்தப்படுவது அதுதான். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து ப்ளூம்ஃபீல்டில் 1905-இல் செய்யத் தொடங்கப்பட்ட சாமான் இது. விவசாயிகளின் ஜாக்கி என்றே அங்கே பேர். அருமையான கருவி, முரட்டுக் கருவியும்கூட. பாரம் ஏறியிருக்கும்போது கைப்பிடியை நழுவவிட்டால் தாடை பெயர்ந்துவிடும்.

நண்பர்களே, முதலில் உங்கள் வண்டியில் அதை எங்கே கொடுத்துத் தூக்குவீர்கள் என்று யோசியுங்கள். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் பிளாஸ்டிக் பம்பரில் இந்த ஜாக்கிக்கு வேலையே இல்லை. இரும்பு பம்பரோ, சேசிஸில் பிணைத்த பக்கவாட்டு ராக் ஸ்லைடரோ, சக்கரத்தைப் பிடித்துத் தூக்கும் கொக்கியோ இருந்தால்தான் அது பயன்படும். இவை எதுவும் இல்லாமல் 13 கிலோ இரும்பைப் படத்துக்காகச் சுமக்காதீர்கள். வீட்டிலேயே வைத்துவிட்டு, வண்டியோடு வந்த பாட்டில் ஜாக்கியையோ கத்திரி ஜாக்கியையோ, அடியில் வைக்க ஒரு கனமான பலகையோடு எடுத்து வாருங்கள். சேற்றில் ஜாக்கி புதையாமல் இருக்க அந்தப் பலகைதான் உதவும்.

வைத்தே தீருவேன் என்கிறவர்களுக்கு: பானட்டின் மேல் வேண்டாம், பார்வையை மறைக்கும், நம் ஊர்ச் சாலையில் எதிரே குழந்தை ஓடி வந்தால் தெரியாது. கேரியரின் மேலும் வேண்டாம், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். பின்கதவில் ஸ்டெப்னியோடு சேர்த்து மாட்டுவது பார்க்க அழகு. ஆனால் அந்தக் கதவின் கீல்கள் ஏற்கெனவே ஒரு முழுச் சக்கரத்தைச் சுமக்கின்றன. பெரிய டயர் போட்டவர்கள் அதற்குமேல் ஜாக்கியையும் தொங்கவிட்டால் கீலைச் சுற்றித் தகடு வெடிக்கத் தொடங்கும். பட்டறைக்கு வரும் பின்கதவுகளில் பெயின்ட்டுக்கு அடியில் மயிரிழை மாதிரி ஓடும் அந்த விரிசலை நான் அடிக்கடி பார்க்கிறேன். பின்பம்பரில் தனிக்கீல் போட்ட இரும்புக்கை வைத்து, ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் அதற்கு மாற்றுவது ஒரு வழி. உள்ளே ரோல் கேஜ் இருந்தால் அதன் அடிக்குழாயில் குறுக்காகப் பிணைப்பது இன்னொரு வழி. எங்கே வைத்தாலும் இரண்டு இடத்தில் பிடிக்க வேண்டும். ஜாக்கியின் தண்டில் வரிசையாகத் துளைகள் இருப்பது நமக்கு வசதி. அதன் வழியே போல்ட் விட்டு, கையால் திருகும் பெரிய நட்டும் அதன்மேல் ஒரு பூட்டும் போட்டால் திருட்டுக்கும் கவலை இல்லை. கைப்பிடி தண்டோடு மோதி ஆடாமல் இருக்க நடுவில் ஒரு ரப்பர் வளையம் மாட்டுங்கள்.

வெளியே மாட்டிய ஜாக்கிக்கு எதிரி சேறு. ஏறி இறங்கும் அந்தப் பொறிக்குள் இரண்டு ஊசிகளும் சின்ன ஸ்ப்ரிங்குகளும் உள்ளன. அங்கே சேறு காய்ந்துவிட்டால் ஊசி துளையில் முழுதாக உட்காராது. பாரத்தோடு பாதியில் நின்றுவிடும், அல்லது இறங்க மறுக்கும். அந்தப் பொறிக்கு மட்டும் ரெக்ஸினில் ஒரு உறை தைத்து மாட்டுங்கள். ஓடை கடந்த நாளில் உறையைக் கழற்றித் தண்ணீரில் கழுவி, காயவைத்து, எண்ணெய் விடுங்கள். மாதத்துக்கு ஒருமுறையாவது ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

மண்வாரியைப் பற்றி எனக்குத் தனிக் கருத்து உண்டு. நீளக் காம்பு மண்வாரியை எல்லோரும் வாங்குகிறீர்கள், நல்லதுதான். ஆனால் வண்டியின் வயிறு மண்ணில் உட்கார்ந்துவிட்டால், பக்கத்தில் முட்டி போட்டு அடியிலிருக்கும் மண்ணை நம் பக்கமாக இழுத்தெடுக்க நம் ஊர் மண்வெட்டிக்கு இணை இல்லை, அதுவும் செம்மண்ணிலும் களியிலும். மண்வெட்டியின் இலையையும் காம்பையும் பிரித்துக் கொண்டு போங்கள். இலையின் வாயில் பழைய டயர்த் துண்டைப் பிளந்து மாட்டிக் கோணியில் சுற்றினால், சின்ன இடத்தில் அடங்கிவிடும். காம்பை இரண்டு பிடியில் சீட்டுக்கு அடியில் மாட்டலாம். காம்பை இலையில் இறுக்கும் ஆப்பையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

1941 முதல் 1945 வரை போருக்காகச் செய்யப்பட்ட வில்லிஸ், ஃபோர்டு ஜீப்புகளின் படத்தை எடுத்துப் பாருங்கள். ஓட்டுநர் பக்கத்தில், கால் வைத்து ஏறும் இடத்துக்குக் கீழே, உடம்போடு ஒட்டி மண்வாரியும் கோடாலியும் மாட்டியிருக்கும். கோடாலியின் வாய் ஒரு உறைக்குள் அடங்கியிருக்கும். இரண்டையும் வாரும் பக்கிளும் இறுக்கிப் பிடித்திருக்கும். ஓட்டுநர் கீழே இறங்கினால் கை எட்டும் உயரம். பாரம் தாழ்வாக இருக்கிறது, உள்ளே இருப்பவர் தலைக்கு அதனால் ஆபத்து இல்லை, இருட்டிலும் தடவி எடுக்கலாம். நம் மலைகளில் ஓடிய மகிந்திரா ஜீப்புகள் அந்த வம்சத்தில் வந்தவைதான். எண்பது வருடத்துக்கு முன் யோசித்து வைத்த அந்த ஏற்பாட்டைவிடச் சிறந்த ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. ஒன்று மட்டும்: பக்கவாட்டில் மாட்டும் சாமான் வண்டியின் உடம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அளவுக்கு மேல் வெளியே நீளும் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். அபராதத்தைவிடப் பெரிய கவலை, சந்தில் உரசிப் போகும் பைக் ஓட்டுநரின் முட்டி.

கேரியர் வைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே லேசான சாமான் மட்டும். பிளாஸ்டிக் ரெக்கவரி போர்டுகள் போகலாம். இரும்பு எதுவும் போகக் கூடாது. உச்சியில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் பக்கச்சாய்வில் வண்டியைக் கவிழ்க்கும் பக்கம் நிற்கிறது. உங்கள் வண்டியின் கூரை எவ்வளவு தாங்கும் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். அதில் கேரியரின் எடையும் சேர்த்தி. தவிர, வண்டி சாய்ந்து தொங்கும்போது அதன் தலைமேல் ஏறி ஜாக்கியை அவிழ்க்கப் போவது யார்? எஸ்டேட் பாதையில் தாழ்ந்திருக்கும் சில்வர் ஓக் கிளைகளும் மூங்கிலும் கேரியரில் இருப்பதை ஒவ்வொன்றாக உருவிக்கொள்ளும் என்பதும் உங்களுக்கே தெரியும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, அதைப் பலரும் யோசிப்பதே இல்லை. தார், ராக்ஸ், ஜிம்னி, கூர்க்கா, பழைய ஜிப்சி: இவை எல்லாவற்றிலும் பின்கதவு பக்கவாட்டில்தான் திறக்கிறது. வண்டி பின்னால் வழுக்கி ஒரு மண்மேட்டில் முட்டி நின்றுவிட்டால் அந்தக் கதவு திறக்காது. ஓடைக்குள் மூக்கை நுழைத்துத் தலைகீழாக நின்றாலும் அதைத் திறந்து பிடித்துக்கொண்டு சாமான் எடுப்பது பெரும்பாடு. அத்தனை ஆயிரம் செலவழித்து வாங்கிய கருவிகள் எல்லாம் டிக்கிக்குள் அடைந்து கிடக்கும், நீங்கள் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அதனால் முன்கதவு வழியாக எடுக்கும்படி ஒரு சின்னப் பை வைத்துக்கொள்ளுங்கள். அதில் தோல் கையுறை, நைலான் இழுவைக் கயிறு ஒன்று, நார் ஷேக்கிள் இரண்டு, தலையில் மாட்டும் டார்ச், வின்ச் இருந்தால் அதன் ரிமோட். பையை முன்சீட்டின் பின்முதுகிலோ காலடியிலோ பெல்ட் போட்டு நிறுத்துங்கள். ஓட்டுநரின் காலடியில் மட்டும் வேண்டாம், உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கும். சீட் பெல்ட்டை அறுக்கும் கத்தியும் தீயணைப்பு உருளையும், பெல்ட் போட்ட நிலையிலேயே ஓட்டுநரின் கைக்கு எட்ட வேண்டும். உருளையைப் பிடிக்கும் கிளாம்ப் இரும்பாக இருக்கட்டும். கூட வரும் பிளாஸ்டிக் கிளாம்ப் வீட்டுச் சுவருக்குத்தான் சரி. பவுடர் உருளை என்றால் வண்டியின் அதிர்வில் பவுடர் அடியில் இறுகிவிடும், அவ்வப்போது கழற்றித் தலைகீழாக்கிக் குலுக்குங்கள்.

இரும்பு ஷேக்கிள்களை பம்பரில் மாட்டித் தொங்கவிட்டு நெடுஞ்சாலையில் போவது இப்போது ஒரு ஃபேஷன். அவிழ்த்து உள்ளே வையுங்கள். அதிர்வில் பின் கழன்று எங்காவது விழும்; பின் இல்லாத ஷேக்கிள் வெறும் வளைந்த இரும்பு. நார் ஷேக்கிளும் கயிறும் இரும்போடு ஒரே பையில் கிடக்கக் கூடாது, உரசியே நார் அறுந்துபோகும். வெயிலும் பேட்டரி ஆசிடும் நைலானுக்கு விஷம். கப்பி, ஷேக்கிள் மாதிரிக் கனமான சின்னச் சாமான்களை மூடி பூட்டும் ஒரு பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டியை முட்டுக் கொடுத்து அடித்தளத்தில் கட்டுங்கள்.

சாமான் கட்டும் பேச்சில் இதற்கு இடம் இல்லை என்றாலும் சொல்லாமல் விடமுடியவில்லை: டிரெய்லர் மாட்டும் உருண்டையில் இழுவைக் கயிற்றை மாட்டாதீர்கள். நீண்டு இழுக்கும் கயிற்றின் விசையில் அந்த உருண்டை முறிந்து பறந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. சேசிஸில் போல்ட் போட்டுப் பொருத்திய, அளவு குறித்த இழுவைக் கொக்கி இல்லாத வண்டிக்கு முதல் செலவு அதுதான். மற்றதெல்லாம் பிறகு.

திரும்பி வரும் நேரத்தை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை. போகும்போது எல்லோரும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டு போகிறீர்கள். சாயங்காலம் சேற்றிலிருந்து கடைசி வண்டியை இழுத்து வெளியே போடும்போது எல்லோருக்கும் பசி, களைப்பு, தூறல் வேறு. சேறு ஒட்டிய கயிற்றையும் மண்வாரியையும் பின்னால் தூக்கிப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்க் கழுவிக்கொள்ளலாம் என்று கிளம்புகிறீர்கள். வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்க 40 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையில் 70. இருட்டில், ஈரச் சாலையில், அவிழ்ந்து கிடக்கும் இரும்போடு அத்தனை வளைவையும் இறங்குகிறீர்கள். அன்று முழுதும் நீங்கள் ஓட்டியதிலேயே ஆபத்தான பகுதி அதுதான். சேற்றுச் சாமானுக்கென்றே ஒரு தார்ப்பாய்ப் பையும் அதைக் கட்ட ஒரு இடமும் முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். டீ குடிப்பதற்கு முன் கட்டுங்கள், குடித்த பிறகு யாருக்கும் எழ மனம் வராது. இரவல் கொடுத்த சாமான் எந்த வண்டிக்குப் போனது என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

கூட வருகிறவர்களுக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அடிபட்டுக் கிடப்பது ஓட்டுநராகவே இருக்கலாம். கிளம்பும் முன் மனைவியோ தம்பியோ நண்பரோ, யார் பக்கத்தில் உட்கார்கிறார்களோ அவர்களை ஒருமுறை சுற்றி அழைத்துப் போய், உருளை எங்கே, முதலுதவிப் பெட்டி எங்கே, கயிறு எங்கே என்று காட்டுங்கள். காட்டினால் மட்டும் போதாது, ஒருமுறை அவர்களே பக்கிளைக் கழற்றி எடுத்துப் பார்க்கட்டும். 13 கிலோ இரும்பை மார்புக்கு மேல் உயரத்திலிருந்து இறக்க எல்லோராலும் முடியாது. அது தெரிந்தால் நீங்களே இடத்தை மாற்றுவீர்கள்.

கட்டி முடித்த பிறகு சோதிப்பது எளிது. ஒவ்வொரு சாமானையும் இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் முழுப் பலத்தோடு இழுத்துப் பாருங்கள். கைக்கு அசைந்தால் மோதலுக்குப் பறக்கும். அப்புறம், வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தால் எது எது கூரையில் விழும் என்று மனசுக்குள் ஒரு படம் ஓட்டுங்கள். கடைசியாக, பாட்டை நிறுத்திவிட்டு, ஏசியை நிறுத்திவிட்டு, குண்டும் குழியுமான ஒரு தெருவில் மெதுவாக ஓட்டுங்கள். எந்தச் சத்தம் கேட்டாலும் இறங்கிப் போய் அது எது என்று கண்டுபிடிக்காமல் வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

இந்த வாரச் சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வண்டியில் இருப்பதை எல்லாம் வாசலில் இறக்கி வையுங்கள். பாதிக்கு மேல் தேவையில்லாதது என்று தெரியும், அதை வீட்டில் விட்டுவிடுங்கள். மீதிக்கு முட்டும் கட்டும் யோசியுங்கள். ஆங்கிள் இரும்பை வெட்டி இரண்டு துளை போட்டுத் தர எந்த வெல்டிங் பட்டறையும் போதும். என்னிடம் வந்தால் எங்கே துளை போடலாம், எங்கே கூடாது என்று பார்த்துச் சொல்வதற்குக் கூலி வாங்கமாட்டேன்.

அடுத்த ஓட்டத்தின்போது தொடக்கக் கோட்டில் நான்தான் நிற்பேன். ஒவ்வொரு வண்டியின் பின்கதவையும் திறக்கச் சொல்வேன். கட்டாத இரும்போடு வரும் வண்டியை, அது யாருடையதாக இருந்தாலும், ஏற விடமாட்டேன்.

அன்புடன்,
கோவையிலிருந்து ஒரு பட்டறைக்காரன்